ஆலைகளின் கதை – 17: கடிகாரம் தேவைப்படாத ஊர்

1929 ஜூலையில் முதலில் நூற்பாலை நின்றது. ஆகஸ்டில் துணியில் அச்சிடும் பிரிவு. செப்டம்பரில் வெளுக்கும் பிரிவு. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன, அவற்றுக்கு விசை கொடுத்த டர்பைன்களும் ஓய்ந்தன. நூறு ஆண்டுகளாக ஓடிய ஆலை, எட்டே மாதத்தில் பிரிவு பிரிவாக மூடப்பட்டது. சொத்துக்களைக் கணக்குத் தீர்க்கும் வேலைக்கென்று சுமார் அறுபது பேரை மட்டும் சிறிது காலம் வைத்துக்கொண்டார்கள். பிறகு கட்டடங்களையும் இடிக்கத் தொடங்கினார்கள். ஆலைக்கு எதிரிலேயே தொழிலாளர் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் கல்லும் மண்ணும் குவிந்த மேடு, நசுங்கிய கொதிகலன், துருவேறிய சக்கரங்கள். அப்பனும் பாட்டனும் வேலை பார்த்த இடம் அது.

ஊரின் பெயர் மரியன்தால். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவிலிருந்து ரயிலேறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் கிராமட்நாய்சீடல் என்ற ஊரை ஒட்டிய ஆலைக் குடியிருப்பு.

நியூயார்க் பங்குச் சந்தை 1929 அக்டோபரில் சரிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். ஆனால் மரியன்தாலில் நூற்பாலை மூடப்பட்டது அதற்கு மூன்று மாதம் முன்பே. அதற்கான வினை 1918இலேயே விதைக்கப்பட்டுவிட்டது. முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு துண்டுதுண்டாக உடைந்தது. ஐந்து கோடிப் பேர் வாழ்ந்த ஒரே சந்தை போய், அறுபத்தைந்து லட்சம் பேர் கொண்ட சிறிய ஆஸ்திரியா மிஞ்சியது. நேற்றுவரை உள்நாடாக இருந்த செக் பகுதியும் ஹங்கேரியும் இன்று அயல்நாடு. எல்லைக்கு எல்லை சுங்கவரி. பேரரசின் அளவுக்குக் கட்டிய ஆலைகள் இந்தச் சின்ன நாட்டில் யாருக்காக நெய்வது? பத்து ஆண்டுகள் தள்ளாடிய பிறகு உலக மந்தமும் வந்து சேர்ந்ததும் மரியன்தால் போன்ற ஆலைகளுக்கு மீள வழியில்லாமல் போயிற்று.

1830இல் ஹெர்மன் டொடெஸ்கோ என்ற வணிகர் ஃபிஷா ஆற்றங்கரையில் இந்தப் பஞ்சாலையை நிறுவினார். ஆலைக்காகவே உருவான ஊர் இது. ஆலை வளர வளர ஒரே அச்சில் வார்த்ததுபோல் நீண்ட, தாழ்வான வீட்டு வரிசைகள் எழுந்தன. ஆயிரம் பேருக்கு மேல் வேலை. பெண்களும் தறியில் நின்றார்கள். வேலை முடிந்த பிறகும் ஊர் உறங்காது. நூலகம், நாடகக் குழு, கால்பந்து, உடற்பயிற்சிச் சங்கம், பாட்டுக் குழு, சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பழைய மாளிகையை ஒட்டி ஒரு பூங்கா உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக அங்கே உலாவப் போவார்கள்.

ஆலை மூடி இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பூங்கா புதர் மண்டிக் கிடந்தது. ஊரில் அநேகமாக எல்லோருக்கும் பகல் முழுவதும் நேரம் இருந்தது. ஆனால் பாதையைச் செதுக்கவோ செடியை வெட்டிவிடவோ ஒருவரும் வரவில்லை.

இந்தச் சின்ன விவரம் நமக்கு இன்று கிடைப்பதற்குக் காரணம் வியன்னாவிலிருந்து வந்த இளைஞர் கூட்டம் ஒன்று. பால் லாஸர்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் அதற்குத் தலைமை தாங்கினர். லாஸர்ஸ்ஃபெல்டுக்கு முப்பது வயது, யஹோடாவுக்கு இருபத்து நான்கு. வேலை நேரம் குறைந்து வந்த காலம் அது. தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆராயத்தான் லாஸர்ஸ்ஃபெல்ட் முதலில் நினைத்தார். யோசனையைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் கொண்டுபோனபோது அவர் கடிந்துகொண்டார். நாட்டில் இத்தனை பேர் வேலையில்லாமல் நிற்கும்போது ஓய்வு நேரத்தைப் பற்றி என்ன ஆராய்ச்சி, வேலையின்மையைப் போய்ப் பாருங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். மரியன்தாலைச் சுட்டிக்காட்டியவரும் அவரே.

1931 கடைசியில் குழு ஊருக்குள் வந்தது. லோட்டே டான்ஸிங்கர் என்ற இளம் உளவியலாளர் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார். ஆய்வாளர்கள் தமக்கென ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். கையில் நோட்டுப் புத்தகத்துடன் ஊரை வேடிக்கை பார்க்க ஒருவரும் வரக்கூடாது, வருகிறவர் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டேதான் எதையும் கவனிக்க வேண்டும். வியன்னாவில் சுமார் 200 கிலோ பழைய துணிகளைத் திரட்டி, பழுது பார்த்து, வீடு வீடாகக் கேட்டறிந்து கொடுத்தார்கள். மருத்துவர்கள் வந்து இலவசமாகப் பார்த்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு, சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு. ஏழைகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுக்கம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊரில் அப்போது 478 குடும்பங்கள், 1,486 பேர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி அட்டை எழுதினார்கள்.

முக்கால்வாசிக் குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை நம்பித்தான் இருந்தன. ஆஸ்திரியாவில் 1920 முதலே வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் உண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த உதவிக்கு ஆயுள் குறைவு. வேலை போனவுடன் 20 முதல் 30 வாரம் வரை ஒரு தொகை கிடைக்கும். அது முடிந்ததும் அதைவிடக் குறைந்த அவசர உதவி சில மாதம் வரும். அதுவும் தீர்ந்தால் ஒன்றும் கிடையாது. இடையில் ஏதாவது வேலை செய்து சம்பாதித்தது தெரிந்தால் அன்றோடு உதவி ரத்து. விறகு கிடைக்குமே என்று மரம் வெட்டப் போன ஒருவரின் உதவித்தொகை நின்றது. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால் கிடைக்கும் என்பதற்காக வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு பெண்ணுக்கும் நின்றது. ஹார்மோனிகா வாசித்து நாலு காசு சேர்த்த ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வேலையில்லாதவனுக்கு உதவ வந்த சட்டம், அவன் விரலை அசைத்தாலே தண்டித்தது. இந்த மூன்று பேரின் கதையை வாசிக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பதினான்கு நாளைக்கு ஒருமுறை உதவித்தொகை வரும். ஊரின் நாட்காட்டி அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட அந்த நாளுக்கு இருந்த மதிப்பு இல்லை. பணம் வருவதற்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இடைவேளைக்கு என்ன கொண்டு வந்திருக்கிறார்கள் என்று குழு பார்த்தது. ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒன்றுமில்லை, இருந்தாலும் காய்ந்த ரொட்டிதான். பணம் வந்த மறுநாள் பார்த்தபோது ஓரிருவரைத் தவிர எல்லோரிடமும் சாப்பாடு இருந்தது. சாப்பாட்டுக் கணக்கு எழுதித் தந்த சுமார் 40 குடும்பங்களில் பாதிக்கு மேல் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இறைச்சி சாப்பிட்டன. வீட்டுக்குப் பின்னால் முயல் வளர்த்தார்கள், உருளைக்கிழங்கு போட்டார்கள். பக்கத்து வயல்களில் கிழங்கு திருடு போவதும், ரயிலடியில் நிலக்கரி பொறுக்குவதும் வழக்கமாகிவிட்டன. நாயோ பூனையோ காணாமல் போனால் சொந்தக்காரர் தேடிப் போவதும் இல்லை, புகார் கொடுப்பதும் இல்லை. அது யாரோ ஒருவர் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இது பசியின் கதை. பசியின் கதையை உலகம் முன்பே அறியும். மரியன்தால் சொன்ன புதுச் செய்தி வேறு.

நூலகக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முன்பு புத்தகம் எடுக்கச் சிறு கட்டணம் உண்டு. இப்போது கட்டணம் கிடையாது, படிக்க நேரமும் தாராளம். அப்படியிருந்தும் 1929க்கும் 1931க்கும் இடையே இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. துல்லியமாகச் சொன்னால் 48.7 சதவீத வீழ்ச்சி. கட்சிப் பத்திரிகையான ஆர்பைட்டர் ட்ஸைடுங்கை வேலையில்லாதவர்களுக்குச் சலுகை விலையில் கொடுத்தார்கள். ஆனாலும் 1927இல் இருந்ததைவிட 1930இல் சந்தாதாரர்கள் 60 சதவீதம் குறைந்திருந்தார்கள். அதைவிட இலேசான, பொழுதுபோக்கு மிகுந்த இன்னொரு பத்திரிகைக்கு இழப்பு 27 சதவீதம்தான். விளையாட்டுச் சங்கம் தேய்ந்தது, பாட்டுக் குழு தேய்ந்தது, கட்சியிலும் ஆள் குறைந்தது. ஆள் சேர்ந்தவை, கையில் நேரடியாக ஏதாவது பயன் தந்த சங்கங்கள் மட்டுமே. பிணத்தை எரிக்கும் செலவை ஏற்கும் தகனச் சங்கம் அவற்றில் ஒன்று.

இனி, தெருவில் நடந்தது. ஒரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று, பிரதான வீதியில் போகிறவர்களைக் குழுவினர் கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். மொத்தம் 100 பேர், அதில் ஆண்கள் 68, பெண்கள் 32. ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தக் குறுகிய தூரத்தைக் கடப்பதற்குள் இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் போய்ச் சேர்ந்தவர் பத்தில் ஒருவர். சுவரில் சாய்கிறார்கள், பாலத்தில் கைவைத்து நிற்கிறார்கள், எதிரே வருபவரிடம் ஏதோ பேசிவிட்டு மறுபடி நகர்கிறார்கள். பெண்களின் நடை ஆண்களைப் போல் ஒன்றரை மடங்கு வேகம். அப்புறம் தனியாக இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார்கள். ஆண்கள் நூறு பேரில் 88 பேரிடம் கடிகாரம் இல்லை. அந்த 88 பேரிலும் 31 பேருக்கு வீட்டில் கடிகாரம் இருந்தது. அதை எடுத்து வரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆறு மணிக்கு எழுந்து எந்த வாசலுக்கும் ஓட வேண்டியதில்லையே.

நேற்று ஒவ்வொரு மணி நேரத்திலும் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லித் தாள்களைக் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வயது ஆண் ஒருவர் எழுதித் தந்த நாளை என் சொற்களில் சொல்கிறேன். காலையில் எழுகிறார். பையன்களைப் பள்ளிக்கு எழுப்பி அனுப்புகிறார். கொட்டகையிலிருந்து விறகும் தண்ணீரும் கொண்டு வருகிறார். இன்றைக்கு என்ன சமைப்பது என்று மனைவி கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே வெளியே போய்விடுகிறார். அடுத்த கட்டத்தில் அதற்குள் மதியமாகிவிட்டதாக எழுதுகிறார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றுமே எழுதவில்லை. மத்தியானம் சாப்பாடு, கொஞ்சம் பத்திரிகை. பிற்பகலில் பூங்காவில் மரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பூங்கா போகிறதே என்ற வருத்தம் அவருக்கு. பிறகு வீடு, இரவு உணவு, படுக்கை. பதிலே இல்லாமல் விடப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில்தான் வேலையின்மையின் முழு வரலாறும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. மனிதர் எதையும் மறைக்கவில்லை. நினைவில் நிற்கும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பெண்களின் தாள்களில் அப்படி வெற்றிடம் இல்லை. அடுப்பு, துணி, குழந்தை, ஒட்டுப் போடுதல் என்று நாள் நிரம்பி வழிந்தது. அவர்களுக்குச் சம்பளம் போயிற்று, வேலை போகவில்லை. கணவன் நாள் முழுக்க வீட்டில் இருந்தும் கூப்பிட்ட நேரத்துக்குச் சாப்பிட வருவதில்லை என்பது பல மனைவியரின் குறை. இதில் ஆய்வாளர்களையே வியக்க வைத்தது ஒன்று உண்டு. ஆலை நாட்களில் இந்தப் பெண்கள் பகலெல்லாம் தறியில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பாதி ராத்திரி வரை வீட்டு வேலை பார்த்தவர்கள். இப்போது அந்தச் சுமையில் பாதி குறைந்துவிட்டது. ஆனால் ஆலைக்குத் திரும்பிப் போக முடிந்தால் போதும் என்றார்கள். காசுக்காக மட்டுமல்ல. நாலு சுவருக்குள் தனியாகக் கிடப்பது வாழ்வாகவே தோன்றவில்லை அவர்களுக்கு. ஆலையில் இரைச்சல் இருந்தது, பஞ்சுத் தூசி இருந்தது, கூடவே பேசுவதற்கு ஆளும் இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளிடம், கிறிஸ்துமசுக்கு என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். கேட்ட பொருள்களுக்கு விலை போட்டுப் பார்த்தால், சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் கேட்டவை சராசரியாக 36 ஷில்லிங் பெறும், மரியன்தால் பிள்ளைகள் கேட்டவை 12 ஷில்லிங். அதையும் பலர் நேராகக் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேலை இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்பேன் என்ற ரீதியில் எழுதினார்கள். ஆசைப்படும்போதே வீட்டு நிலைமையைக் கணக்குப் போட்டுவிட்டது அந்த வயசு.

ஊர் ஒற்றுமைக்கும் அடி விழுந்தது. இன்னார் திருட்டுத்தனமாக வேலை செய்து சம்பாதிக்கிறார் என்று அதிகாரிகளுக்குப் பெயர் போடாமல் எழுதும் மொட்டைக் கடிதங்கள் ஆலை மூடிய பின் மும்மடங்கு ஆயின. விசாரித்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை பொய். ஒரே சங்கத்தில் கூடி நின்று வேலைநிறுத்தம் செய்த மக்கள், பக்கத்து வீட்டு அடுப்பில் புகை வந்தால் சந்தேகப்படும் நிலைக்கு வந்தார்கள். இதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்தால் உதவி பறிபோகும் என்று எழுதி வைத்தவர்கள்தான் அந்தக் கடிதங்களுக்கு வழி திறந்துவிட்டவர்கள்.

நாடு முழுவதும் அறிஞர்களும் கட்சிக்காரர்களும் அப்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இழந்தவன் கிளர்ந்தெழுவானா, ஒடுங்கிப் போவானா? மரியன்தாலின் விடை தெளிவாக இருந்தது. குடும்பங்களை அவற்றின் மனநிலைப்படி பிரித்துப் பார்த்ததில், உடையாமல் நின்றவை 23 சதவீதம். 69 சதவீதம் எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல், கிடைத்ததைக் கொண்டு அன்றாடத்தை ஒப்பேற்றுபவை. மீதி 8 சதவீதம் உடைந்துபோனவை. அந்த நடுப்பிரிவினரின் வீடு சுத்தமாக இருக்கும், குழந்தைகள் கவனிக்கப்பட்டிருப்பார்கள், பேச்சில் கசப்பு இருக்காது. வெளியாள் பார்த்தால் அமைதியான குடும்பம் என்றுதான் சொல்வார். நாளையைப் பற்றி எந்தத் திட்டமும் அங்கே இல்லை என்பது உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

இந்த மனநிலைக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பையும் குழு கணக்கிட்டது. குழந்தைக்கும் பெரியவருக்கும் தகுந்தபடி தலைக்கு மாத வருமானம் பார்த்தால், உடையாத குடும்பங்களில் 34 ஷில்லிங். ஒப்பேற்றுபவர்களிடம் 30. உடைந்துபோனவர்களில், விரக்தியில் வீழ்ந்தவர்களிடம் 25. எதையும் பொருட்படுத்தாத நிலைக்குப் போய்விட்டவர்களிடம் 19. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நாலு முதல் ஆறு ஷில்லிங்தான். உதவித்தொகை கட்டம் கட்டமாகக் குறைந்து நின்றுபோகும் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எந்தக் குடும்பம் எப்போது அடுத்த படிக்கு இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். மரியன்தாலை மேற்கோள் காட்டுகிறவர்கள் கடிகாரத்தையும் நூலகத்தையும் சொல்கிறார்கள், இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். வேலையின்மை மனத்தை மட்டும்தான் பாதிக்கிறது என்று எண்ணி, ஆறுதல் வார்த்தையோடு உதவியை நிறுத்திக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது.

ஆய்வு 1933இல் லைப்சிக் நகரில் புத்தகமாக வந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். எழுதியவர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் பெயரில்லாமலே பதிப்பித்தார்கள். அப்படியும் பெரும்பாலான பிரதிகள் அழிக்கப்பட்டன. மறுபதிப்புக்கு 1960 வரையும், ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. லாஸர்ஸ்ஃபெல்ட் 1933இலேயே அமெரிக்கா போய்விட்டார். ஸைசலும் பின்னர் அங்கே சென்று, 86 வயது வரை வாழ்ந்தார்.

அதே கிராமட்நாய்சீடலில் 2020 அக்டோபரில் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியத்தோடு வேலை உறுதி என்று அந்த ஊர் இருக்கும் மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறை அறிவித்தது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். முதலில் சில வாரம் பயிற்சி, பிறகு தச்சு, தோட்டப் பராமரிப்பு போன்ற வேலைகள். ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர்கள் மாக்ஸிமிலியன் காசியும் லூகாஸ் லேனரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஊரில் நீண்டகால வேலையின்மை ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. சேர்ந்தவர்களின் கையில் பணம் நின்றது, அன்றாடத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது, நாலு பேரோடு பழக்கம் கூடியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் எதெல்லாம் தொலைந்தது என்று யஹோடா குறித்து வைத்தாரோ, அதையே அளவுகோலாக வைத்து அளந்தார்கள்.

யஹோடா 1936 நவம்பரில் வியன்னாவில் கைதானார். தடை செய்யப்பட்ட சமூக ஜனநாயகக் கட்சிக்காக ரகசியமாக வேலை செய்தார் என்பது குற்றச்சாட்டு. நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு 1937இல் விடுதலை. இங்கிலாந்துக்கு வந்தார். வந்த வேகத்திலேயே மறுபடியும் வேலையில்லாதவர்களைத் தேடிப் போனார். தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்கு ஒன்றில், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்கள் தங்களுக்கு வேண்டிய உணவையும் துணியையும் காலணியையும் தாங்களே கூடி உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். அரசின் உதவித்தொகை நிற்காது. ஆனால் செய்த வேலைக்குக் கூலி கிடையாது. கூலியில்லாத வேலையைச் சுரங்கத்தில் உழைத்த ஒருவன் வேலை என்று ஏற்றுக்கொள்வானா என்று பார்க்க, யஹோடா அவர்கள் வீடுகளிலேயே போய்த் தங்கினார். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)